நெறஞ்ச பலகை

கோவப்பட வேணாம் தம்பி. வேன் வேல முடிஞ்சி ஒரு மணித்தியாலம் ஆவுது, தெரியும். இருட்ட முந்தி பன்வில போய்ச் சேரணும், அதுவும் தெரியும். ஆனா பன்னெண்டாம் நம்பர் ஸ்பெனர் ஒண்டக் காணல்ல. அது கிடைக்காம திறப்ப, வேன் சாவிய, தர மாட்டேன்.

கிறுக்கில்ல தம்பி. அந்தச் செவுத்துப் பலகையப் பாருங்க. ஒவ்வொரு சாமானுக்கும் அதுட உருவத்தக் கறுப்புப் பெயிண்ட்ல கீறி ஈக்கி. சாமான எடுத்தா கறுப்புத் தெரியும். வேல முடிஞ்சும் ஒரு கறுப்புத் தெரிஞ்சா வண்டி வெளிய போகாது. இந்த அலவத்துகொடையில வேற எந்த கராஜ்லயும் இந்தச் சட்டம் இல்லதான். நான் ஹெலிகொப்டர் திருத்தின ஆள். பட்டாளத்து ஹெலிகொப்டர், பதினாலு வருஷம்.

வேனுக்குள்ள ஸ்பெனர் உட்டா கடகடண்டு கேக்கும், ஓரமா நிப்பாட்டலாம். மேல போனத எங்க நிப்பாட்ற?

இருங்க, குடிக்க பிளேன்டி வரும்.

பட்டாளத்துல ஒரு ஹெலிகொப்டர் மெஷினுக்கு ரெண்டு பேர். நான் வேல செய்ற, கூட்டாளி சாமான எண்ணிக் கையெழுத்து வெக்கிற. அவன் தோட்டத்துப் புள்ள, தமிழ் ஆள், சண்ட தொடங்க முந்தியே சேந்தவன். நோம்புல எனக்கு முன்னால தண்ணி கூடக் குடிக்க மாட்டான்.

ஒரு வெள்ளிக்கெழம தந்தி வந்திச்சி. பொண்டாட்டி அனீஸா கண்டி ஆஸ்பத்திரியில, பிரசவம் கஷ்டமாம். பதினொரு மணிக்கு பஸ். வேல முடிச்சி, அங்க ஈந்த இதே மாதிரிப் பலகையப் பாத்தா ஒரு கறுப்பு. தேடுறதுண்டா முழு மெஷினயும் திரும்பக் கழட்டணும், ரெண்டு நாள் வேல. என்ட சொந்தப் பேக்ல அதே அளவு, அதே கம்பெனி ஸ்பெனர் ஒண்டு ஈந்திச்சி. எடுத்துப் பலகையில கொளுவினேன். கூட்டாளி வந்தான், எண்ணினான், கையெழுத்து வெச்சான். ஓடு மச்சான், பஸ்ஸ உட்டுராதண்டான்.

என்ட மகள் பாயிஸா அண்டைக்குத்தான் பொறந்த.

மூணாம் நாள் மெஷின் உழுந்திச்சி. நாலு பேர் மௌத்து. கருகின குப்பைக்குள்ள, ஓட்டுற கம்பியில சிக்கினபடி ஒரு ஸ்பெனர். எங்கட பலகைதான் நெறஞ்சி ஈக்கே, அப்ப இது வெளியால இருந்து கொண்டு வந்தது, ஆரோ வேணுமெண்டு வெச்சதுண்டாங்க விசாரிக்க வந்தவங்க. வெச்சது ஆருண்டு தேட அவங்களுக்குக் கஷ்டமில்ல. அங்க ஈந்தது ஒரே ஒரு தமிழன்.

அவன் பயப்படல்ல. என்ட பேரச் சொல்லி, மர்சூக்கக் கூப்பிட்டுக் கேளுங்க, அவன் உண்மையச் சொல்லுவாண்டு சொல்லீக்கான். குர்ஆன்ல கை வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். பலகை நெறஞ்சி இருந்திச்சாண்டு கேட்டாங்க. நெறஞ்சிதான் இருந்திச்சிண்டேன். அது பொய்யில்லயே. மேல அவங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல. பயம் தம்பி. என்னயும் அள்ளிக் கொண்டு போனா பச்சப் புள்ளயோட அனீஸா என்ன செய்வாண்டு பயம். அவன்ட ஊட்டுலயும் ஒரு பச்சப் புள்ள ஈந்திச்சி. அதுவும் தெரிஞ்சிதான் வாயப் பொத்தினேன்.

மறியல்ல, கம்பிக்குப் பின்னால நாலு வருஷம் கெடந்தான். பொறகு பெட்டியிலதான் ஊருக்கு வந்தான். இங்க இருந்து ஒண்டும் பெரிய தூரமில்ல. சாவுக்கு நான் போகல்ல.

எழும்ப வேணாம் தம்பி, பிளேன்டி ஆறுது. காலைல வேன உட்ட நேரம் கடுதாசித் துண்டுல பேர் எழுதித் தந்தீங்களே, தியாகராஜா அழகமுத்து, பன்விலண்டு. முன்னால ஈந்த அப்பாட பேர ரெண்டு தரம் வாசிச்சேன். பொறகுதான் மொகத்தப் பாத்தேன். கூட்டாளிட அதே நெத்தி.

ஒங்கட அப்பா அத வெக்கல்ல. நான்தான் மறந்து உட்டேன்.

இந்தாங்க திறப்பு. ஸ்பெனரா? அது காணாமப் போகல்ல தம்பி, காலைல இருந்து என்ட பொக்கட்டுலதான் ஈக்கி. ஒங்கள இருக்க வெக்க எனக்கு வேற வழி தெரியல்ல.