டார்ச் பிடித்த கை

"டார்ச்ச புடிச்சதே நான்தானேடா!"

கல்யாணி வீட்டு வாசலில் ஜோயல் போட்ட சத்தம் கல்பாக்கம் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்டது. எனக்கு எதிர்வீடு. கதவைத் திறந்துதான் கேட்க வேண்டும் என்றில்லை... இருந்தாலும் திறந்து வைத்தேன்.

கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், கிட்டே வாருங்கள். கல்யாணியின் மகன் நிதினுக்கு யூடியூபில் ஒரு சேனல். புகழ்பெற்ற சிலை எதுவானாலும் அதில் ரகசிய மதச் சின்னம் ஒளிந்திருக்கிறது என்பான். அர்ச்சுனன் தபசுப் பாறையில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையைக்கூட விடவில்லை. அது ஏதோ அயல்நாட்டு ரகசியச் சங்கத்தின் அடையாளமாம்! "கண்ணு இருக்கறவங்க பாருங்க" என்று முடிப்பான்.

ஜோயல் அவனோடு பள்ளியில் படித்தவன்; மாமல்லபுரத்தில் சிற்பி. கடற்கரைச் சந்திப்பில் எல்லாரும் செல்ஃபி எடுக்கிற கல் பாவை அவன் செதுக்கியது. நண்பன் தன் வேலையைப் புகழப்போகிறான் என்று நம்பி, நிதின் சொன்ன இடத்தில் டார்ச்சைக் கீழிருந்து பிடித்தான். சேலை மடிப்பின் நிழல் சிலுவைபோல விழுந்தது. வீடியோவில் வந்தது அந்த நிழலும் ஜோயலின் பெயரும்தான். ஊர் கொதித்தது; இரண்டே நாளில் சிலையைச் சாக்கால் மூடிக் கட்டினார்கள். பட்டறைக்கு இனி வராதே என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

"அத எடுத்துடு நிதினு. எனக்கு வேற தொழில் தெரியாதுடா."

"அஞ்சு லட்சம் வியூஸ் மச்சான்... எப்டி எடுக்கறது? நாலு நாள்ல மறந்துடுவாங்க."

கல்யாணி உள்ளிருந்து ஒரு கருங்கல் பூனையைக் கொண்டுவந்து நீட்டினாள். நிதின் கல்யாணத்துக்கென்று ஜோயல் செய்து தந்தது. கண் மட்டும் இன்னும் செதுக்கவில்லை.

"இதையும் எடுத்துட்டுப் போப்பா."

"இருக்கட்டும்மா. கல்யாணத்தன்னிக்கு நானே வந்து கண்ணு தொறக்கறேன்னு சொல்லிக்கீறேன் இல்ல? வருவேன்."

மூன்றாம் நாள், சதுரங்கப்பட்டினம் கோட்டைத் திருப்பத்தில் லாரி மோதி ஜோயல் போய்ச் சேர்ந்தான். நிதின் மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி வீடியோ போட்டான். அதற்கும் நல்ல கூட்டம்.

கல்யாணம் திருப்போரூரில். எனக்கு முட்டிவலி, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துப் போனார்கள். காலை பத்தரை, முகூர்த்த நேரம். பேய் ராத்திரிதான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? உளி வேலை பகல் வேலை.

டிங்... டிங்...

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து. கொஞ்சம் நிற்கும். ஃபூ... தூசியை ஊதுகிற சத்தம். மறுபடி, டிங். கதவிடுக்கில் புதுக்கல் பொடியின் வாசனை. ஊரில் எந்தக் கதவையும் எட்டிப் பார்க்கிற நான், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திறக்கவில்லை.

மாலையில் மணமக்கள் வந்து திறந்தார்கள். ஷோகேஸுக்குள் பூனை. காலடியில் ஒரு சிட்டிகை கல்தூள். கண் இரண்டும் திறந்திருந்தன. நிதின் எங்கே நகர்ந்தாலும் அவனையே பார்த்தன.

"யாரு வந்தாங்க?" என்றாள் மணப்பெண் வைஷாலி. எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

பதினோராம் நாள் கூடுவாஞ்சேரிக்குத் தாய்வீடு போனவள் திரும்பவில்லை. இந்தத் தையில் வேறொருவரை மணந்து கோவைக்குப் போய்விட்டாள். கல்யாணி பூனையைக் கடலில் போட்டுவிட்டு, மகனோடு புனேவுக்குக் குடிபோனாள்.

அங்கிருந்தும் வீடியோ போடுகிறான். பாருங்கள், என் போனிலேயே இருக்கிறது. அறையில் அவன் தனி. விளக்கு மேலே. ஆனால் முகத்தில் வெளிச்சம் கீழிருந்து விழுகிறது... லேசாக ஆடிக்கொண்டே. வெகுநேரம் பிடித்துக் கை வலித்தவன் பிடிப்பதுபோல.