வாசிக்கக் கேட்டு

பேச்சாயி: தப்பா எழுதினது நீங்க. நீங்கதான்யா திருத்தித் தரணும்.

அருளப்பன்: மெதுவாப் பேசுத்தா. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பதினெட்டு வருசமாப் பத்திரம் எழுதுறேன். அருளப்பன் எழுத்துல தப்புன்னு திண்டுக்கல்லுல ஒருத்தன் சொன்னதில்ல. என்ன தப்பு? சர்வே நம்பரா?

பேச்சாயி: கெணறு. எங்க கெணறு கெழக்க இருக்கு. நீங்க மேக்கன்னு போட்டிருக்கீக.

அருளப்பன்: இரு, நகலைப் பாப்போம்... அகரம் பேச்சாயி, அண்ணன் சோலைமலைக்கு நெலத்தை விட்டுக் குடுத்து எழுதின விடுதலைப் பத்திரம்... தை மாசம்... இந்தா. ‘கிழக்கே கிணறு.’ சரியாத்தானே இருக்கு! யாரு வாசிச்சு உனக்கு மேக்கன்னு சொன்னது?

பேச்சாயி: பத்திரத்துல இல்லய்யா. இந்தப் புஸ்தகத்துல.

அருளப்பன்: மொதல்ல அதை மடியில வை! மாதாவே... இது கானல்நேசன்னு யாரோ ஒருத்தர் எழுதின கதை. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பேச்சாயி: எடுத்த எடுப்புல ‘வடக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால்’னு ஆரம்பிக்குது. கதையில வர்ற பொம்பள அழுதா ‘மேற்படி கண்ணீர்’னு வருது. ஊர்ல வாத்தியார் வாசிக்க வாசிக்க அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. உங்களை விட்டா எவன்யா கதையை இப்படி எழுதுவான்?

அருளப்பன்: ...அம்புட்டு மோசமாவா இருக்கு?

பேச்சாயி: அழுகிற எடம் நல்லா இருக்கு.

அருளப்பன்: நெசமாவா? எந்த எடம்? பஸ்ஸுல போறப்ப வருமே, அதா?

பேச்சாயி: ஆக, நீங்கதான்.

அருளப்பன்: ஐயோ, சத்தம் போடாதத்தா! அந்த மரத்துக்கு அங்கிட்டு வண்டி நிக்குது, வண்டிக்காரனுக்குக் கேக்கும். ஆபீஸர் காதுக்குப் போச்சுன்னா, கதை எழுதுற பய பத்திரத்துலயும் கதை விடுவான்னு சொல்லிருவாரு. பெறகு எந்தப் பார்ட்டி என்கிட்ட வரும்?

பேச்சாயி: கேட்டாக் கேக்கட்டும். எனக்கு மெதுவாப் பேச வராது. நான் மூணு ஆடு வச்சிருக்கேன். நீங்க ஒண்ணுன்னு போட்டிருக்கீக.

அருளப்பன்: அது கதை! கதைன்னா கூட்டிக் கொறைச்சுத்தான் எழுதணும். ஆளு அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் கெணத்தைத் திருப்பி வச்சேன், ஆட்டைக் கொறைச்சேன், சிவனம்மாள்னு பேரை மாத்தினேன்.

பேச்சாயி: அந்தச் சிவனம்மா சிரிச்சுக்கிட்டே கைநாட்டு வைக்கிறா. நான் சிரிச்சேனா?

அருளப்பன்: ஏத்தா, செம்பட்டியில இருந்து பார்ட்டி வந்துக்கிட்டு இருக்காக. பன்னண்டு மணிக்குள்ள பத்திரம் தயாரா இருக்கணும். மூணு மணித் தபால்ல இன்னொரு கதை போகணும். அந்தப் பத்திரிகைக்காரரு தந்தி அடிக்காத கொறைதான். வீட்டுல கேட்டா, கதை சோறு போடுமாங்கிறா. இங்க வந்தா நீ ஆட்டுக் கணக்குச் சொல்ற. மனுசன் என்னதான் பண்ணுவான்?

பேச்சாயி: வீட்டுல போய்ச் சாயங்காலம் எழுத வேண்டியதுதானே?

அருளப்பன்: சாயங்காலந்தான் எழுதுறேன்! பகல்ல பத்திரம், பொழுது சாஞ்சாக் கதை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பாத்துக்கிறேன்.

பேச்சாயி: இப்ப அந்தப் பத்திரத்துக்கு அடியில வெள்ளைத் தாளு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கே... அது என்ன?

அருளப்பன்: அது... மையொத்துற தாளு.

பேச்சாயி: ஓ. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்ல... சரி, இந்தப் பக்கத்தை மட்டும் வாசிங்க. வாத்தியார் மூலையை மடிச்சுக் குடுத்திருக்காரு.

அருளப்பன்: நேரமில்லத்தா.

பேச்சாயி: வாசிங்க. போயிர்றேன்.

அருளப்பன்: இதோட தொந்தரவு விட்டாச் சரி... ‘பத்திரக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். கிணற்றுப் பாத்தியம் உட்பட என்ற இடத்தில் நிறுத்தினார். தாயே, கிணற்றிலும் உன் பங்கு போய்விடும், சம்மதமா என்று...’

பேச்சாயி: ஏன் நிறுத்திட்டீக?

அருளப்பன்: பார்ட்டி வர்ற நேரமாச்சுத்தா.

பேச்சாயி: மேக்காட்டை மட்டும் அண்ணனுக்கு விட்டுக் குடுக்கத்தான்யா நான் அன்னைக்கு வந்தேன். கெணத்துல பாதி எங்கப்பன் எனக்கு விட்டது. இப்பத் தண்ணி எறைக்கக் கமலை பூட்டப் போனா அண்ணன் மாட்டை அவுத்து விடுறான். நீதான் கெணத்தையும் எனக்கு எழுதிக் குடுத்துட்டியேங்கிறான். கத்தரிச் செடி அம்புட்டும் தலை தொங்கிப் போச்சு. இன்னும் நாலு நாள்ல எல்லாம் வெறகுதான்.

அருளப்பன்: உங்கண்ணன் சொன்னபடி எழுதினேன்த்தா. அவரு கெணத்தையும் சேக்கச் சொன்னாரு...

பேச்சாயி: சொன்னான், எழுதினீக. ஊர்ப் பெரியவுககிட்ட மொறையிட்டேன். எங்கண்ணன் என்ன செஞ்சான் தெரியுமா? இந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்து முன்னால போட்டான். ‘பாருங்கப்பா, வரி வரியா வாசிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினாராம். பத்திரக்காரரே அச்சுல போட்டிருக்காரு’ன்னான்.

அருளப்பன்: கதையைக் கொண்டு போயா? கதையை எவனாவது சாட்சிக்கு வைப்பானா? இவனுகளுக்குப் புத்தி கித்தி இருக்கா?

பேச்சாயி: மத்ததெல்லாம் நெசமா இருக்கப்ப, இது மட்டும் பொய்யா இருக்குமான்னு கேட்டாக. நீங்க சொல்லுங்க. அன்னைக்கு வாசிச்சுக் காட்டினீகளா?

அருளப்பன்: பத்திரத்துக் கடைசியிலதான் ‘வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து’ன்னு இருக்கே...

பேச்சாயி: இருக்கு. வாசிச்சீகளா? ‘என்னய்யா எழுதிருக்கு’ன்னு கேட்டேன். ‘செத்த இருத்தா’ன்னீக. அடித்தாளுல மளமளன்னு எழுதிக்கிட்டே இருந்தீக. பெறகு வெரலைப் பிடிச்சு மையில அமுக்கினீக. உள்ள ஆபீஸர் கேட்டாத் தலையை ஆட்டுன்னீக. ஆட்டினேன். படிச்ச மனுசன் சொல்றாரேன்னு ஆட்டினேன்யா.

அருளப்பன்: நான் வாசிக்கலேன்னு வெளிய வந்து சொன்னா, என் பொழப்பு என்ன ஆகும்? நெனச்சுப் பாத்தியா?

பேச்சாயி: என் பொழப்பு என்ன ஆச்சுன்னு பாத்துட்டுத்தானே வந்திருக்கேன்.

அருளப்பன்: ...வாசிக்கலத்தா. அன்னைக்கும் மூணு மணித் தபாலு. கதையில கடைசிப் பக்கம் பாக்கி. வேகத்துல உன் வெரலைப் பிடிச்சு வச்சுட்டேன். நீ பஸ் ஏறப் போனப்பவே மனசு அறுத்துச்சு. கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரல. அதான் அடுத்த கதையில ஒரு நல்ல பத்திரக்காரனைப் போட்டு, அவனை விட்டாவது வாசிச்சுக் காட்டினேன்.

பேச்சாயி: எனக்குக் கேக்கலையேய்யா.

அருளப்பன்: ...வாரேன்த்தா. பொழப்புப் போனாப் போகுது. ஊர்க்கூட்டம் என்னைக்கு? அகரத்துக்கே வந்து என் வாயால சொல்றேன்.

பேச்சாயி: நீங்க வர வேணாம்யா. மரத்துக்கு அங்கிட்டு நிக்குதே வண்டி... அதுல எங்கண்ணனும் ஊர்ப் பெரியவுகளுந்தான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காக.