எட்டு சர்வர்களின் இரண்டாம் பிரதி

பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் கண்டபடி. வயது இருபத்தொன்பது. பொறியியல் பட்டதாரி. கணவரும் பதினொரு மாதப் பெண் குழந்தையும் உள்ளனர். புயல் கணிப்புக்கான பெருங்கணினி மையத்தில் நான்கு வருடமாகப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். கைதாகியுள்ள ஆபரேட்டரை நாங்கள் ‘அலாரம்’ அண்ணன் என்போம். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலும் மாடி அதிரக் கூப்பிடுவார். அவர் தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சர்வரை இயக்கி அணைக்கும் சிறு சிப்புக்குள் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இருக்கும். எங்களுடையதில் ஓட்டை இருப்பதாகவும், கடவுச்சொல் இல்லாமலே யார் பெயரிலும் உள்ளே நுழையலாம் என்றும் தயாரிப்பாளரிடமிருந்து எச்சரிக்கை வந்ததால், இம்மாதம் 4ஆம் தேதி நாற்பது சர்வர்களிலும் புதியதை ஏற்றும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் உண்டு. முதலாவது பழுதானால் இரண்டாவது எழும். முதல் பிரதியை நாற்பதிலும், இரண்டாவதை முப்பத்திரண்டிலும் மாற்றியிருந்தபோது, மதியம் 2.40க்கு, குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டதாகக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. மீதி எட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று, பதிவேட்டில் நாற்பதுக்கும் ‘முடிந்தது’ என எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பினேன். வலது செருப்பு மேஜைக்கடியிலேயே கிடந்ததை ஆட்டோவில்தான் கவனித்தேன்.

அதன் பின்னர் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தேன். 6ஆம் தேதி காலை மின்தடையில் முதல் பிரதிகள் பழுதாகி, சர்வர்கள் இரண்டாவதைக் கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியதும் அண்ணன் போன் செய்தார்.

“பாப்பாவுக்குப் பரவாயில்லையா தங்கச்சி? இங்கயும் எட்டு டப்பா மருந்து குடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது. பழைய வெர்ஷன் நம்பரையே காட்டுது.”

“டிரிப்ஸ் ஏறுதுண்ணே. நாளைக்கு வந்து பாக்குறேன்” என்றேன்.

அன்று மாலை அந்த எட்டிலிருந்த கணிப்புகள் அண்ணன் பெயரில் நுழைந்து அழிக்கப்பட்டன. மறுநாள் நான் வேலைக்குத் திரும்பியபோது அவரைக் கைது செய்திருந்தார்கள். எட்டிலும் பழைய பிரதியே எழுந்திருந்ததைப் பார்த்தேன். அவர் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்று பிரிவுத் தலைவரிடம் சொன்னேன்.

“கைக்குழந்தைக்காரி, உனக்கு எதுக்கும்மா வம்பு? எட்டையும் இப்பவே மாத்திடு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

“உள்ள இருக்கிறது அண்ணன் சார், டப்பா இல்ல” என்றேன்.

அதன் பின்னர் சாட்சியமாக இருக்கட்டும் என்று எட்டையும் மாற்றாமல் மின் இணைப்பை மட்டும் பிரித்து, அவை இருக்கும் இரும்பு அலமாரியைப் பூட்டினேன். சாவியையும் பதிவேட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். வேலை போகும், வழக்கும் என் மேல் திரும்பலாம் என்று கணவர் சொன்னார். தெரிந்தேதான் வந்தேன்.

‘பதற்றத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன்’ என்று போடட்டுமா என எழுத்தர் கேட்டார். தவறவில்லை, எட்டு பாக்கி என்பது தெரிந்தே எழுதினேன் என்று பதியச் சொன்னேன்.

அவ்வாறே பதிந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் இதில் உள்ளதும் ஒன்றே, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)