தம்பி, பேய் வருது

அந்தப் படத்தில் ஒரு பேய்க்கு விக்கல் எடுக்கும். அந்த இடத்தில் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. நீங்களும் சிரிப்பீர்கள் ஐயா.

தங்கை சொர்ணவல்லியின் சடங்குக்கு விராலிமலையிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தோம். தமிழ்ப் படங்கள் ஓடி முடிந்ததும், டெக் கொண்டுவந்தவர் மிச்சமிருந்த ஒரு சைனா சண்டைப் படத்தைப் போட்டார். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க அதில் எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை. ஒரு குண்டுச் சமையல்காரர் குடித்துவிட்டுக் கரண்டியால் பேய்களை அடிப்பார். அந்தப் பேய்களுக்குக் கண் தெரியாது. ஆள் விடுகிற மூச்சை வைத்துத்தான் தேடி வரும். மூச்சை அடக்கிக்கொண்டால் பக்கத்தில் வந்து மோந்துவிட்டு, குதித்துக் குதித்துப் போய்விடும்.

என் தம்பி செந்தமிழன் அன்று பந்தலில் உருண்டு உருண்டு சிரித்தான். சிறு பிள்ளையாக இருக்கும்போது வந்த மூளைக்காய்ச்சலில் அவன் அறிவு அந்த வயதோடு நின்றுவிட்டது. உடம்பு மட்டும் வளர்ந்தது. அந்தப் படம் அவனுக்குச் சலிக்கவே இல்லை. கேசட் தேய்ந்ததும் சிடி வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவும் ஆத்தாவும் போன பிறகு அவனுக்கு நான்தான். ஹைவேயில் அய்யப்பன் பஞ்சர் கடை என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியும். கடையில் ஒரு நாற்காலி அவனுக்கென்றே போட்டிருந்தேன். எனக்குப் பெண் பார்த்தபோது, தம்பியை எங்கேயாவது ஒரு ஹோமில் விடலாமே என்று பெண் வீட்டில் கேட்டார்கள். முடியாது என்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊசி போட வேண்டும், முடி வெட்ட வேண்டும் என்றால் ஓடுவான். அப்போது, "தம்பி, பேய் வருது" என்பேன். உடனே கண்ணை இறுக்கி, கன்னத்தை உப்பவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பான். வேலை முடிந்ததும், "போயிருச்சுடா" என்பேன். அதைச் சொன்னால்தான் மூச்சு விடுவான். முகம் சிவந்து போனாலும் நான் சொல்கிறவரை பிடித்துக்கொண்டே நிற்பான். விட்டதும் ஒரு சிரிப்பு வரும். அதற்காகவே வேலை இல்லாதபோதும் சில தடவை சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தை மாதம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. திருச்சியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மணமேல்குடியிலிருந்து சொர்ணவல்லி வந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒண்ணுன்னா இவன யாரு பாப்பா? நான் கூட்டிட்டுப் போறேன். மகனும் துபாய் போயிட்டான். வீடே வெறிச்சுனு கெடக்கு."

"அவனுக்கு நான் ஊட்டலைன்னா சோறு எறங்காதும்மா."

"ஒரு மாசம் இருக்கட்டும்ணே. புடிக்கலைன்னா நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

செந்தமிழன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அக்கா, ஒங்க ஊர்ல கடல் இருக்கா?"

"இருக்குடா. தெருவத் தாண்டுனா கடல்தான்."

அவன் எழுந்து போய்த் தன் சட்டைகளை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். கார் மறுநாள் சாயங்காலம்தான் என்று சொல்லியும் பையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணன் வேணாமாடா?" என்று கேட்டேன்.

"நீ கடைக்குப் போ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அதன் பிறகு நான் நிதானமாகத்தான் யோசித்தேன். சொர்ணவல்லி நல்லவள். ஆனால் அவளுக்கும் வயதாகிறது. நாளைக்கு மருமகள் வருவாள், அவள் எப்படிப்பட்டவளோ. ஊர் மாறினால் அவன் மிரண்டுபோவான். அங்கே அவன் சீரழிவதைவிட என் கையிலேயே முடிந்தால் நல்லது என்று பட்டது. கோபம் எதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் குளிப்பாட்ட அவனைப் பம்ப்செட்டுக்குக் கூட்டிப் போனேன். வயலில் ஆள் இல்லை. தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவனை அதில் இறக்கி முதுகுக்குச் சோப்புப் போட்டுவிட்டேன். காது மடலுக்குப் பின்னாலும் தேய்த்தேன், அங்கே அழுக்கு நிற்கும். அப்புறம், "தம்பி, பேய் வருது" என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்தான். நான் அவன் தலையில் கை வைத்தேன். முதலில் சும்மாதான் வைத்திருந்தேன். அவன் என் சொல்லுக்காகக் காத்திருந்தான். நான் சொல்லவில்லை. பிறகு தலை மேலே வரப் பார்த்தது. அழுத்திக்கொண்டேன். தண்ணீருக்குள் அமுக்கிய ட்யூபில் குமிழி பார்த்தே பழகியவன் நான். அன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னை அடிக்கவில்லை, பிராண்டவில்லை. ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பதுபோல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். குமிழி நின்ற பிறகு, "போயிருச்சுடா" என்று சொன்னேன்.

கால் வழுக்கித் தொட்டியில் விழுந்துவிட்டான் என்று ஊரில் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. சொர்ணவல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒங்கள விட்டு வர அவனுக்கு மனசில்லண்ணே. அதான் போயிட்டான்" என்றாள். அதைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது. கருமாதி வரை அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒரு மாதம் அனுப்பித்தான் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். என்னைக் காணாமல் அவன் அழுவான், சாப்பிடமாட்டான், அந்தக் கஷ்டத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அழுதிருந்தால் சொர்ணவல்லி திரும்பக் கொண்டுவந்து விட்டிருப்பாள். அவன் அழமாட்டான் ஐயா. அது எனக்குத் தெரியும்.