பேசினால் கீறும்

முகத்தை முதலில் வெந்நீரில் நன்றாக நனைக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. அவசரமாகத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, நுரையை அப்பிக்கொண்டு, அப்புறம் எரிகிறது எரிகிறது என்று பிளேடைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன் ஐயா. மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் உறைகளை வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் என்னுடைய பழைய ரேசர். இன்னொன்றில் என் மாமனாருக்கு அவர் மகன் வாங்கி வந்த கார்ட்ரிட்ஜ் ரேசர். அவன் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். "ரெண்டுல எதை வச்சுய்யா பண்ணே?" என்று வாசலில் நிற்கிற காவலர் மூன்று தடவை கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தெரிய வேண்டும்.

என்னுடையதில் மூன்றே பாகம். கைப்பிடி, தட்டு, மூடி. நடுவில் ஒரே ஒரு பிளேடு. மறையைத் திருகி இறுக்கிவிட்டால் தலை அசையாது. அது முகத்துக்கு வளைந்து கொடுக்காது, முகம்தான் அதற்கு அடங்கி உட்கார வேண்டும். அழுத்தவும் கூடாது, அதன் எடையே போதும். ஒரு தடவை இழுத்தால் வேலை முடிந்தது.

மச்சான் வாங்கி வந்ததில் ஐந்து பிளேடு. முகம் என்ன கரும்புத் தோட்டமா, ஐந்து பேர் வரிசையாக இறங்கி அறுக்க? இரண்டு இழுப்பில் முடியெல்லாம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். கழுவி, தட்டி, ஊதி, மறுபடியும் கழுவ வேண்டும். அந்த ரேசரின் கழுத்து ஆடும். எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ரேசரை வைத்துச் சவரம் செய்யும்போது பேசலாம். வாயை எப்படி ஆட்டினாலும் வெட்டாது. அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் நிற்கிறவன். இருபத்திரண்டு வருஷம். என் பத்து விரலும் இருக்கின்றன, பாருங்கள். அந்த மெஷின் பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவில் சட்டம். முதலாளியே வந்தாலும் கத்தி மேலே போகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார். வேலை செய்கிற இடத்தில் எனக்கு அந்த மரியாதை இருந்தது. வீட்டில் இல்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் தவறியபோது, "அப்பா தனியா இருக்காரு, ஒரு மாசம் போய் இருந்துட்டு வருவோம்" என்றாள் என் மனைவி. அந்த ஒரு மாதம் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மாமனார் பஸ் டிப்போவில் அதிகாரியாக இருந்தவர். இருநூறு டிரைவர்களைக் கத்தியே ஓட வைத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கத்துவதற்கு மிச்சம் இருந்த டிரைவர் நான் ஒருவன்தான்.

எனக்கு அவர் வைத்த பெயர் தலையாட்டி. போனில் யாராவது என்னைக் கேட்டால், "இருங்க, தலையாட்டிகிட்ட குடுக்கிறேன்" என்பார். ஒரு நாள் என் சொந்த அண்ணன் வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தோம். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுக்கு வந்த விருந்துக்கு வருஷக்கணக்கா பசி அடங்க மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணனும் சிரித்தான். நானும் தலையை ஆட்டிச் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய. "அப்பா விளையாட்டுக்குச் சொல்றாரு, நீங்க ஏன் அதைப் பெரிசா எடுத்துக்கிறீங்க?" என்றாள் மனைவி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கரண்டி பிடிப்பார், ரேசர் பிடிக்க முடியாது. வெளியாள் முகத்தைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. பின்பக்கத்து அறையில், ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைக் கட்டி, நுரை போட்டு, என் ரேசரை எடுத்தேன். அவர் என் சட்டையைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. கீழ் உதட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கீறல். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அது தற்செயல். அந்த முதல் கீறலுக்கு நான் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். முதல் கீறலுக்கு மட்டும்.

அன்றைக்குப் பத்து நிமிஷம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தத்தை அன்றுதான் நான் முதலில் கேட்டேன். அடடா, என்ன ஒரு நிம்மதி தெரியுமா ஐயா. மூன்றாம் நாள் நான் பேசினேன். மெதுவாகத்தான் பேசினேன், குரலை உயர்த்தவே இல்லை. "எங்க அண்ணன் வந்தப்போ சோத்துல கை வச்சுக்கிட்டிருந்தவனைப் பார்த்துச் சொன்னீங்களே மாமா, ஞாபகம் இருக்கா?" பதில் சொல்ல வாயைத் திறந்தார். ரேசர் தாடையில் இருந்தது. பேசினால் கீறும். அது அந்த ரேசரின் குணம். நான் அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். அதன் பிறகு தினமும் காலையில் நான் பேசுவேன், அவர் கேட்பார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னைச் சொன்னது ஒன்று பாக்கியில்லாமல் எடுத்து வைத்தேன். அவர் செத்தால் யார் அழுவார்கள், யார் அழுவதுபோல நடிப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். பத்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று, அப்புறம் நாற்பது. முடி வளர்ந்த திசையில் ஒரு தடவை, எதிர்த் திசையில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. மழிக்க முடியே இல்லாதபோதும் மழித்தேன். சில நாள் அவர் கண்ணில் தண்ணீர் வரும். நுரை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். இருநூறு டிரைவர்களை ஓட வைத்தவர், தலையாட்டியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வார்? ஒன்றிரண்டு தடவை, "இன்னிக்கு வேணாம்மா, தாடி வளரட்டும்" என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தார். "பரதேசி மாதிரி இருக்குப்பா, போய் உட்காருங்க. அவரு பாவம், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்காகத்தானே நிக்கிறாரு" என்று அவளே கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். மாமனாருக்கு இப்படிப் பணிவிடை செய்கிற மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று தெருவில் பேசினார்கள். செய்தது உண்மைதானே.

போன மாதம் மச்சான் வெளியூரிலிருந்து வந்தான். வந்த உடனே அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான் இது, பூனை பிராண்டின மாதிரி இருக்கு? இந்தக் காலத்துல யாரு இந்தத் துருப்பிடிச்சதை வச்சுச் சிரைக்கிறா?" என்றான். என் ரேசரில் ஒரு பொட்டுத் துருவைக் காட்டச் சொல்லுங்கள், இப்போதே காட்டச் சொல்லுங்கள். தினமும் கழுவித் துடைத்து வைக்கிறவன் நான். அவன் வருஷத்துக்கு ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டு எனக்குப் புத்தி சொல்கிறான். "காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணும் அத்தான்" என்று அந்த ஐந்து பிளேடு சாமானைக் கையில் திணித்தான்.

அடுத்த நாள் காலை எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் கன்னத்தில் ஆரம்பித்தேன். மாமனார் பயந்துகொண்டே ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வார்த்தை. நான் கொஞ்சம் அழுத்தினேன். ரேசர் சாய்ந்து கொடுத்தது. அதற்கும் தலை ஆடுமே, என்னைப் போல. அவருக்குப் புரிந்துவிட்டது. வாயெல்லாம் நுரை தெறிக்க விழுந்து விழுந்து சிரித்தார். மகன் ஊருக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு என் காதருகே சொன்னார். "நாலு வருஷம் உங்க முறை மாப்ளே. இனிமே என் முறை."

பத்தொன்பது நாள் ஐயா. நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. தினமும் காலையில் ஒன்றை எடுத்து, "அன்னிக்கு இப்படிச் சொன்னீங்களே" என்று ஆரம்பித்து, அதற்குப் பதில் சொல்வார். அதுவும் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி. வேண்டுமென்றே. நான் குனிந்து நின்று அவர் முகத்தை மழித்துக்கொண்டே அதையெல்லாம் கேட்க வேண்டும். உடம்பெல்லாம் பற்றி எரியும். மனைவி தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போக ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது காலையில் நாற்பது நிமிஷம். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் சாமானை வைத்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று அந்தக் காவலர் சொன்னார். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நான் மிரளவில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தோடு ரேசரைத் தொடுகிறவன் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மறுபடி வருவதாக இருந்தது. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லப் போவதாக மாமனார் முந்தின நாளே சொல்லிவிட்டார். காலையில் புது ரேசரின் ரீஃபிலையெல்லாம் எடுத்து என் வேலைப் பையில் போட்டுக்கொண்டேன். "ரீஃபில் தீர்ந்துபோச்சு மாமா. கடை திறக்க நேரமாகும். மகன் வரும்போது இப்படியேவா இருப்பீங்க?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

புது பிளேடு போட்டேன். இடது கன்னம் முழுவதும் முடித்தேன். அவர் வாயே திறக்கவில்லை. பழையபடி குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. மனசு நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, இனி யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்போது அவர் தாடையை நீட்டினார். "கீறுங்க மாப்ளே. நல்லாக் கீறுங்க. என் மகன் வந்து ரத்தத்தோட பாக்கட்டும்" என்றார்.

நான் ரேசரை அவர் முகத்திலிருந்து எடுத்துவிட்டேன். கீறினால் அவர் ஜெயித்துவிடுவார். அவர் நிறுத்தவில்லை. மகனிடம் என்னென்ன சொல்லப் போகிறார், எந்த வரிசையில் சொல்லப் போகிறார், அன்று சாயங்காலத்துக்குள் நான் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வாசல் வழியாகப் போவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார்.

இந்த ரேசரை வைத்து ஒருவரைக் கொல்ல முடியாது ஐயா. அந்தக் காவலருக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு ரேசரிலும் முடியாது. பிளேடை வெளியே எடுக்க வேண்டும். மறையை மூன்று சுற்று கழற்ற வேண்டும். நான் நிதானமாகக் கழற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவருக்கு நேரம் கொடுத்தேன். முதல் சுற்றில் வாயை மூடியிருக்கலாம். இரண்டாவதிலும் மூடியிருக்கலாம். மூன்றாவது சுற்றில் அவர், "தலையாட்டி, இங்க பாரு" என்றார்.

பார்த்தேன். காகிதம் வெட்டுகிறவனுக்கு எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். ஒரே இழுப்பு. நான்தான் செய்தேன். வேறு யாரும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பிளேடைக் கழுவினேன். மறுபடி ரேசரில் மாட்டி இறுக்கினேன். வலது பக்கத்து நுரை காய்ந்திருந்தது, புதிதாகப் போட்டேன். பாதிச் சவரத்தோடு ஒருவரை விடுவது முறை இல்லை. மேலிருந்து கீழாக, பிறகு குறுக்கே, காதோரம்வரை மழித்தேன். மனைவி கதவருகே வந்து, "அப்பா" என்றாள். "இரு, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. பேச்சுக் கொடுக்காதே" என்றேன். அவள் ஏன் அப்படி அலறினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் உடலைப் பரிசோதித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். வலது கன்னத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா, விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு கீறல் இருந்தாலும் என்னைக் குற்றவாளி என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.