வயரின் மறுமுனை

இந்த ஸ்டேஷனில் டீக்கு இஞ்சி தட்டிப் போடுகிறார்கள் போலிருக்கிறது, சார். நன்றாக இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அதுவும் பெரிய நிம்மதி.

என் பெயர் சுடலைக்கண்ணன், வீடு தாராவி. பழைய மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது என் தொழில். பின்னால் ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயரை மாட்டி டெர்மினல் சாஃப்ட்வேரைத் திறந்தால், மெஷின் அனுப்புகிற எழுத்துகள் கறுப்புத் திரையில் ஓடும். வேகம் பொருந்தாவிட்டால் பூச்சி பூச்சியாக வரும். சரியான வேகத்தைப் போட்டதும் பூச்சியெல்லாம் எண்களாகிவிடும். எனக்கு அது இன்றைக்கும் குஷிதான்.

மாதுங்காவில் டாக்டர் ஜகந்நாதனின் ரத்தப் பரிசோதனை லேபில் ஒருநாள் காலை மெஷின் ஊமையாகிவிட்டது. அதன் சொந்தத் திரை எப்போதோ போய்விட்டது. ரிசல்ட் எல்லாம் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குத்தான் வரவேண்டும். வேகத்தை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஒரு பூச்சிகூட வரவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் சரியா என்று பார்க்க, அதன் போர்ட்டில் இரண்டாவது, மூன்றாவது ஊசிகளை ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தேன். அப்படிச் செய்தால் நாம் தட்டுவது நமக்கே திரும்பி வரும். என் மனைவி கலைச்செல்வியின் பெயரைத் தட்டினேன், அழகாகத் திரும்பி வந்தது. ஆக, கோளாறு மெஷினில்தான். உள்ளே போர்டு மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

"என்னப்பா கண்ணன், அரை மணியில ஆயிடும்னியே? பேஷன்ட்லாம் வெறும் வயத்தோட உக்காந்திருக்கா," என்றார் டாக்டர்.

நான் சொன்ன சொல் தவறியதில்லை, சார். மெஷினுக்குப் பதிலாக என் லேப்டாப்பை மாட்டினேன். மெஷின் அனுப்புகிற அதே தினுசில் எண்களை நானே தட்டினேன். கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. மறுமுனையில் யார் என்று அது கேட்பதில்லை.

எல்லாம் நல்ல எண்கள்தான். ஒருவருக்குக் கெட்ட எண் போட எனக்கென்ன உரிமை இருக்கிறது?

மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லி, தினமும் பின்னறையில் உட்கார்ந்தேன். ரிப்போர்ட் வாங்கிப் போகிறவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லேபுக்கு மேல்மாடியில் குடியிருந்த ஷ்யாமளா மாமிக்குச் சர்க்கரை எப்போதும் எக்கச்சக்கம். நான் தொண்ணூற்றெட்டு போட்டேன். மறுநாள் டப்பா நிறைய மைசூர்பாகோடு இறங்கி வந்தார்.

"எத்தனை வருஷம் கழிச்சு நானும் ஒண்ணு சாப்பிட்டேன்டா. அந்த இன்சுலின் ஊசியை நிறுத்திடட்டுமா?"

"அதான் நம்பரே சொல்லுதுல்லா மாமி. மெஷினு பொய் சொல்லாது."

போர்டு இரண்டாவது வாரமே வந்துவிட்டது. நான்தான் பையிலேயே வைத்திருந்தேன். அந்த லேபில் எடுத்தால் ரிசல்ட் நன்றாக வரும் என்று பேச்சாகி, வடாலா, செம்பூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் போர்டை மாட்டி எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைக்கச் சொல்கிறீர்களா?

மொத்தம் எத்தனை பேருக்கு என்று கேட்டீர்கள். வந்த எல்லாருக்கும்தான், சார். நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை.

மாமி போன மாதம் ஒரு வியாழக்கிழமை மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை அறுநூறைத் தாண்டியிருந்ததாம். அவர் கண் திறக்கவே இல்லை. நான் அழுதேன், எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷி. ஆனாலும் கடைசி நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்ததும் அவர் மகள் ரஞ்சனா ரிப்போர்ட்டோடு பின்னறைக்கே வந்துவிட்டாள். வயரை விரலால் தடவிக்கொண்டே மறுமுனை வரை வந்தாள்.

"மெஷின் அங்க இருக்கு. வயர் ஏன் உங்க லேப்டாப்புக்குப் போறது?" என்று கேட்டாள்.

புத்திசாலிப் பெண். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். மாமியின் எண்ணைப் போட்டது நான். யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? முடிந்ததும் ஒரு போன் மட்டும் பேச விடுங்கள். கலைச்செல்விக்கு இது நாலாவது மாதம், அவளுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இன்றைக்கு வருகிறது. மாதுங்கா எங்களுக்கு நடக்கிற தூரம்தான். ஆனால் நான் அவளை அத்தனை தூரம் தாணேக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். நம்பகமான லேப், சார்.