மிஸஸ் டிரான்டரின் மஞ்சள் கொடி

“முதல் தடவை வாங்கறவங்களுக்கு எந்த பிஸ்டல் தோதா இருக்கும்?” என்று மிஸஸ் டிரான்டர் என்னிடம் கேட்டார். புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். மெரிங்கல் பிஸ்டல் கிளப்பில் பதினொரு வருடமாக நான் சுடுகளப் பொறுப்பாளர். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் நான் தவறான பதில் சொன்னதில்லை.

கான்ஸ்டபிள், நீங்கள் மிஸஸ் டிரான்டரின் பிஸ்டலை எடுத்துப் போகத்தான் வந்தீர்கள். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் உள்ளே வரும்போதே, “பாவம், வயசாயிட்டா மூளை இப்படித்தான் காலை வாரி விட்டுடும்” என்றீர்கள். வயதின் மேல் பழி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உட்காருங்கள், தேநீர் ஆறவில்லை.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கணவர் இறந்து ஒரு வருடம். மருத்துவர் ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாராம். தோட்டவேலை அலுத்துவிட்டதாம்.

“அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. ஆறு மாசம் கிளப் பிஸ்டல்லயே சுடுங்க” என்றேன். “அப்புறம் சின்னக் குண்டு போடற பாயிண்ட் டூ டூவுலயே ஒண்ணு எடுங்க. பெருசு வேணாம். உதைக்கறதுக்குப் பயந்தே கண்ணை மூடிக்குவீங்க.”

கிளப் தலைவர் மெர்வ் இறைச்சி வதக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார். “ஏம்மா ரோ, டீச்சருக்கு ஒரு பீரங்கியாப் பாத்துக் குடேன்! பழைய பசங்க பாதிப் பேரு இன்னும் ஊர்லதான் திரியறானுங்க!”

“உன்னைத்தான் முதல்ல சுடணும் மெர்வ். ஒரு தடவையாவது வீட்டுப்பாடம் குடுத்திருக்கியாடா?” என்றார் மிஸஸ் டிரான்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு மாதம் கழித்து மூன்று பிஸ்டல்களை மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னேன். பிறகு கண்ணைத் திறந்து, குறி எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கைக்குப் பொருந்தாத பிடி பக்கவாட்டில் இழுக்கும். மூன்றாவது பிஸ்டல் நடுப்புள்ளியில் அசையாமல் நின்றது. “இதுதான்” என்று அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டவரைப் போல இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் பக்கம் திரும்பி, “ரொவீனா, நீ கெட்டிக்காரப் பொண்ணாச்சே. படிப்பை ஏன் பாதியில விட்டே?” என்று கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவர்தான் எங்கள் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமைதோறும் அறிவியல் கூடத்தில் எரிவாயுக் குழாய்களை மூடிவிட்டுப் போவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை கூடம் முழுவதும் வாயு நாற்றம். வகுப்பில் வளர்த்த பட்ஜி கிளி கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. மிஸஸ் டிரான்டர் அதைச் செருப்புப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்து, வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்தார். நான் மூடினேன் என்றேன். அவர் திட்டவில்லை. மிகவும் மென்மையாக, “நல்லா யோசிச்சுப் பாரு. மூடினேன்னு நெனைக்கிறியா, மூடினியா?” என்று கேட்டார். பெட்டி கையில் இருக்க, மணி அடிக்கும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் எனக்கே தெரியாமல் போய்விட்டது. அதன் பிறகு நடைபாதையில் பையன்கள் என்னைப் பார்த்துக் கிளி மாதிரி கீச்சிட்டார்கள். இரண்டு வாரத்தில் பள்ளியை விட்டேன். இன்றைக்கும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

மறப்பது அவருக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது. அது எப்படி இருக்கும் என்று அவரும் முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

எங்கள் முறை உங்களுக்குத் தெரியும். பத்து குண்டு முடிந்ததும், பிஸ்டலைக் காலி செய்து, குண்டு உட்காரும் துளையில் மஞ்சள் பிளாஸ்டிக் கொடியைச் செருகி மேஜையில் வைக்கவேண்டும். கொடி தெரிந்தால் துப்பாக்கி காலி என்று பொருள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகு, எல்லோரும் இருபத்தைந்து மீட்டர் நடந்துபோய் இலக்கு அட்டையின் ஓட்டைகளை ஒட்டுவார்கள். அப்போது அவர்கள் முதுகு மேஜைகளைப் பார்த்திருக்கும். நான் மட்டும் பின்னால் நிற்பேன். ஆட்கள் முன்னால் இருக்கும்போது பின்னால் இருப்பவர் எந்தத் துப்பாக்கியையும் தொடக்கூடாது. இந்த விதியை யாரும் மீறியதே இல்லை. மீறுவார்கள் என்று நினைத்தவரும் இல்லை.

முதல் முறை அவருடைய கொடியை உருவி, நாற்காலியில் தொங்கிய அவருடைய கம்பளிச் சட்டைப் பையில் போட்டேன். திரும்பி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“செருகினேனே...” என்றார்.

“என் தப்பும்தான். நானும் சரியாப் பாக்கல” என்றேன். பாதுகாப்புப் பதிவேட்டில் என் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அவர் பையில் கையை விட்டு மஞ்சள் கொடியை எடுத்தபோது முகம் வெளுத்துப் போனது.

இரண்டாவது முறை மெர்வ், “டீச்சர், வீட்டுல கதவைப் பூட்டினீங்களா இல்ல சாவியையும் பையில போட்டுட்டு வந்தீங்களா?” என்று கிண்டல் செய்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் மிஸஸ் டிரான்டரை ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, ஒரு லாமிங்டன் கேக்கும் தேநீரும் கொடுத்தேன்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க, மிஸஸ் டிரான்டர். செருகினேன்னு நெனைக்கிறீங்களா, செருகினீங்களா?”

அந்த வார்த்தைகள் அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை. “தெரியலம்மா” என்றார்.

மூன்றாவது பதிவுக்குப் பிறகு கிளப் உங்கள் அலுவலகத்துக்கு எழுதவேண்டியதாயிற்று. அதற்குள் அவர் வீட்டில் அடுப்பு மேல் ‘அணைத்தேன்’ என்று சீட்டு ஒட்டி, அந்தச் சீட்டையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். ராத்திரி நான்கு தடவை எழுந்து போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். பரிசோதனையில் கிழமை என்ன என்று கேட்டார்கள். பயத்தில் அவருக்குச் சொல்ல வரவில்லை. மெல்பர்னிலிருந்து மகன் வந்தான். கார் சாவியை வாங்கிக்கொண்டான். வீட்டை விற்பனைக்குப் போட்டு, முதியோர் இல்லத்தில் அறை பார்த்தான். “அம்மாவுக்கு நீங்க ஒருத்தராவது துணைக்கு இருக்கீங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை.

ஒன்று சொல்லவேண்டும். மெர்வ் ஒரு காலத்தில் குழாய் வேலை பார்த்தவர். போன மாதம் பேச்சுவாக்கில் அந்தக் கிளி விஷயத்தை அவரிடம் சொன்னேன். குழாயை வலப்பக்கமாக மூன்று சுற்றுத் திருகி மூடினது என் விரல்களுக்கு இன்னும் தெரியும் என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். “அந்தக் கூடத்துக் குழாயை மாட்டினதே நான்தாம்மா. அதுல சுத்து ஏது? கால்வாசி திருப்பினாலே மூடிக்குமே.”

மெர்வுக்கும் வயதாகிவிட்டது.

போன சனிக்கிழமை, பிஸ்டலை ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை சுடட்டுமா என்று மிஸஸ் டிரான்டர் கேட்டார். மெர்வ் சரி என்றார். பத்து குண்டும் ஒரு கைக்குட்டையால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழுந்தன. அவர் பிஸ்டலைக் காலி செய்து, கொடியைச் செருகி, “செருகிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். விரலால் தொட்டு இன்னொரு முறை சொன்னார். பிறகு மற்றவர்களோடு இலக்கை நோக்கி நடந்தார்.

அன்று அதற்குத் தேவையே இருக்கவில்லை. மூன்று பதிவே போதும். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் நான் கொடியை உருவினேன்.

பாதி வழியில் அவர் திரும்பினார்.

என் கையில் மஞ்சள் கொடி இருந்தது. நான் அதை மறைக்கவில்லை. பன்னிரண்டு மீட்டர் இருக்கும், நல்ல வெயில், அவர் கண்ணாடியும் போட்டிருந்தார். அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் மெர்வ் திரும்பியிருப்பார், எட்டுப் பேர் பார்த்திருப்பார்கள். அவருடைய வீடும், காரும், மூளையும் அவருக்கே திரும்பக் கிடைத்திருக்கும்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பி, உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார், கொடி அங்கே இருக்கவேண்டியது போல. மெதுவாகத் திரும்பி வந்து, நாற்காலியிலிருந்த கம்பளிச் சட்டையை எடுத்து இரண்டு பைகளையும் தடவினார். என்னைப் பார்த்து, தொல்லை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பவரைப் போல லேசாகத் தலையசைத்தார். பிஸ்டலை மேஜையிலேயே விட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நடந்துபோனார்.